ஃப்ளை வீச்சு சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்து சரிசெய்யுங்கள்

ஆற்றில் நின்று ஃப்ளை (பூச்சி போல இறகும் நூலும் கட்டிய தூண்டில் முள்) வீசும்போது ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் முக்கால்வாசிப் பேர் உடனே செய்வது இன்னும் வேகமாக, இன்னும் பலமாக வீசுவதுதான். அதோடு கோளாறு இரட்டிப்பாகிவிடும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கிறது, அங்கே பலம் போட்டால் பலன் உண்டு. இங்கே ஃப்ளைக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடையே கிடையாது. பறப்பது லைன், அதாவது கனமான வீச்சுக் கயிறு; ஃப்ளை அதன் பின்னால் போகிறது. நீங்கள் லைனை இழுக்கும்போது ராட் (தூண்டில் கம்பு) வளைகிறது, சட்டென்று நிறுத்தியதும் நிமிர்ந்து லைனை எறிகிறது. ராடின் நுனி எந்தப் பாதையில் போனதோ லைனும் அந்தப் பாதையில்தான் போகும், அதனால் லைன் காற்றில் போடும் வடிவத்தைப் பார்த்தாலே நுனி என்ன செய்தது என்று தெரிந்துவிடும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: தப்பு கண்ணுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அது நடந்து முடிந்திருக்கும். முன்னால் தெரியும் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

உங்களுக்கு நடப்பது எதுவோ அந்த அறிகுறிக்குப் போய்ப் படியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்; மூன்றை ஒரேயடியாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும். வீச்சுப் பயிற்சியைப் பெரும்பாலும் புல்தரையில், முள் இல்லாமல் ஒரு சின்னக் கம்பளி நூலை முடிந்து செய்வது நல்லது. ஆற்றில் மீனைப் பார்த்தபடி யாராலும் கையைக் கவனிக்க முடியாது.

எதையும் தொடுவதற்கு முன்

ராடை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பாருங்கள். லைன் ஒரு வளையத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறதா, அல்லது இரண்டு வளையங்களுக்கு நடுவே ராடைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறதா? கேட்டால் அற்பமாகத் தெரியும், ஆனால் லைன் வழுக்கிப் போகமாட்டேன் என்கிறது என்று வரும் புகார்களில் கணிசமானவை இதுதான். லைனின் நுனியைப் பிடித்துக் கோர்க்காமல், ஓரடி லைனை மடித்து, அந்த மடிப்பைப் பிடித்துக் கோர்த்தால் கைநழுவினாலும் மடிப்பு விரிந்து அடுத்த வளையத்தில் மாட்டி நிற்கும், முழுசாகக் கீழே உருவிக்கொண்டு போகாது.

அப்புறம் ராடின் அடியில் எழுதியிருக்கும் எண்ணையும் லைன் பெட்டியின் எண்ணையும் ஒப்பிடுங்கள். இந்த எண் லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதைச் சொல்கிறது. 5 ஆம் எண் லைன் என்றால் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம், 6 ஆம் எண் என்றால் 160 கிரெய்ன், 8 என்றால் 210. இதில் கவனிக்க வேண்டியது அந்த 30 அடி. சின்ன ஆற்றில் எப்போதும் 15, 20 அடிதான் வீசுகிறீர்கள் என்றால் ராடுக்கு வெளியே இருப்பது பாதி எடைதான், விறைப்பான ராட் அதற்கு வளைவதே இல்லை. அந்த இடத்தில் ஒரு எண் கூடுதலான லைன் போடுவதில் தப்பே கிடையாது. ஆனால் இன்று விற்கும் லைன்களில் பல ஏற்கெனவே பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிட அரை எண்ணோ ஒரு எண்ணோ கனமாகத்தான் வருகின்றன, அதனால் கிரெய்ன் கணக்கைப் பெட்டியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

லீடரில் தானாக முடிச்சு விழுகிறது

லீடர் என்பது லைனின் நுனியில் கட்டும், போகப்போக மெலியும் நரம்பு. அதில் தானாக விழுவதைக் காற்று போட்ட முடிச்சு என்று சொல்வார்கள். காற்றுக்கும் அதற்கும் அநேகமாகச் சம்பந்தமில்லை, நுனியின் பாதைதான் போடுகிறது. முன்வீச்சில் லைன் ஒரு லூப்பாக உருண்டு போகும், மேலே ஒரு கால், கீழே ஒரு கால். மேல்கால் கீழே இறங்கி மற்றதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் அங்கே முடிச்சு விழும். மேல்கால் ஏன் இறங்குகிறது என்றால், வீச்சின் நடுவில் ராட் தேவைக்கு மேல் வளைந்து நுனி குழிந்து இறங்கி, பிறகு மேலே ஏறியிருக்கிறது.

இப்படிக் குழிய வைப்பவை மூன்று நான்கு உண்டு. முதலாவது, ஆரம்பத்திலேயே பலத்தைக் கொட்டிவிடுவது. தூரத்தில் மீன் எழும்புவதைப் பார்த்ததும் கை அவசரப்படும், வீச்சின் முதல் கால்பங்கிலேயே முழு வேகமும் போய்விடும். மெதுவாக ஆரம்பித்து, போகப்போக வேகம் கூடி, கடைசியில்தான் உச்சம், உடனே நிறுத்தம். லைன் 10 மீட்டர் வெளியே இருக்கும்போது இதைச் செய்து பாருங்கள், முதல் பாதியை இது போதாது என்று தோன்றும் அளவுக்கு மெதுவாக.

இரண்டாவது, கை முன்கூட்டியே நகர்ந்துவிடுவது. பின்வீச்சை நிறுத்திவிட்டு லைன் நீள்வதற்காகக் காத்திருக்கும்போது கை உங்களுக்கே தெரியாமல் முன்னால் ஊர்ந்துவிடும். வீசத் தொடங்கும்போது வீசுவதற்கு இடமே மிச்சமிருக்காது, குறுகிய இடைவெளியில் அதே பலத்தைத் திணிப்பீர்கள், நுனி குழியும். இது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்; தனியாகப் பயிற்சி செய்கிறீர்கள் என்றால் போனைப் பக்கவாட்டில் நிறுத்திவைத்து வீடியோ எடுங்கள், பின்வீச்சு நின்ற இடத்தில் கை எங்கே இருந்தது, முன்வீச்சு தொடங்கும்போது எங்கே இருந்தது என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சரிசெய்ய ஒரு நல்ல வழி, பின்வீச்சு நின்றதும் கையைக் கொஞ்சம் பின்னால், மேலே நகர்த்துவது. முன்னால் ஊர்ந்த கைக்கு இது நேர் மாற்று.

மூன்றாவது, நீளமான லைனுக்குக் குட்டி வீச்சு. லைன் கூடக்கூட ராட் அதிகமாக வளையும், அதற்கேற்ப கை போகும் தூரமும் கோணமும் கூடவேண்டும். 6 மீட்டருக்கு வீசிய அதே அசைவை 15 மீட்டருக்கு வைத்துக்கொண்டு பலத்தை மட்டும் கூட்டினால் முடிச்சு நிச்சயம். இடது கையால் லைனை இழுத்து வீசுபவர்களுக்கு நான்காவது ஒன்றும் உண்டு, வலது கை நிற்பதற்கு முன்பே இடது கை இழுத்து முடித்துவிடுவது; இரண்டும் ஒன்றாக முடியவேண்டும்.

விழுந்த முடிச்சை அலட்சியமாக விடாதீர்கள். டிப்பெட்டில், அதாவது லீடரின் மெல்லிய கடைசித் துண்டில், ஒரு சாதாரண முடிச்சு அதன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். இறுகாமல் இருந்தால் ஊசிமுனையால் அவிழ்க்கலாம், இறுகிவிட்டால் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள்.

லூப் அகலமாக விரிகிறது, காற்றில் எதுவும் எடுபடவில்லை

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். நுனி குழியாமல் வளைவாக மேலேறி இறங்கியிருக்கிறது. காரணம் அநேகமாக மணிக்கட்டுதான். பின்வீச்சில் மணிக்கட்டு முழுதாக மடிந்து ராட் தரையைப் பார்த்துச் சாய்கிறது. ராடின் அடிப்பாகத்தைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டோ, மணிக்கட்டோடு சேர்த்து ஒரு பட்டையால் லேசாகக் கட்டிக்கொண்டோ கொஞ்ச நேரம் வீசுங்கள், மடியும்போதெல்லாம் உடனே உறைக்கும். மணிக்கட்டைக் கட்டையாக்கிவிடச் சொல்லவில்லை, கடைசி நிறுத்தத்தில் அதற்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது, அந்தச் சின்ன வேலையை மட்டும் அது செய்யட்டும்.

நிறுத்தம் தளர்வாக இருந்தாலும் லூப் விரியும். நிறுத்தம் என்றால் நிறுத்தம், மெல்ல ஓய்வது இல்லை. முன்வீச்சில் நிறுத்திய பிறகு ராடை இறக்கிக்கொள்ளலாம், நிறுத்துவதும் இறக்குவதும் ஒரே அசைவாகிவிடக் கூடாது.

பின்னால் புல்லில், செடியில் மாட்டிக்கொண்டே இருக்கிறது

பின்வீச்சு தாழ்ந்து போகிறது. லைன் முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் போகவேண்டும் என்பதால், பின்னால் தாழ்ந்தால் முன்னால் வானத்துக்குப் போகும், அங்கே வேகமெல்லாம் செத்து லைன் குவியலாக விழும். "முன்னால் குவிந்து விழுகிறது" என்று நினைத்து முன்வீச்சையே திருத்திக்கொண்டிருப்பவர்கள் ஏராளம், கோளாறு பின்னால்தான் இருக்கிறது.

செய்யவேண்டியது எளிது: திரும்பிப் பாருங்கள். வலது கைக்காரர் என்றால் வலது காலைக் கொஞ்சம் பின்னால் வைத்து, உடலைச் சற்றே திறந்து நின்றால் தலையைத் திருப்பிப் பின்வீச்சைப் பார்க்கலாம். லைன் பின்னால் எவ்வளவு உயரத்தில் நீள்கிறது, எப்போது முழுதாக நீண்டு முடிகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. பின்னால் நோக்கி வீசாமல் பின்னால், மேல்நோக்கி வீசுங்கள். அது சரியானால் முன்வீச்சு தானாகத் தாழ்ந்து நேராகும்.

உண்மையிலேயே பின்னால் இடம் இல்லையென்றால், மரமோ கரை மேடோ இருக்கிறது என்றால், அங்கே மல்லுக்கட்ட வேண்டாம். பின்வீச்சே தேவையில்லாத ரோல் காஸ்ட் இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

பின்னால் சாட்டை சொடுக்குவது போல் சத்தம், பார்த்தால் ஃப்ளை இல்லை

காத்திருக்கவில்லை. லைன் பின்னால் நீண்டு முடிப்பதற்குள் முன்னால் இழுத்துவிட்டீர்கள். லீடரின் நுனி அந்த இடத்தில் திடீரென்று திசை திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் வருகிறது, கூடவே ஃப்ளையும் பிய்ந்துகொண்டு போகிறது. லைன் நீளத்தைப் பொறுத்துக் காத்திருக்கும் நேரமும் மாறவேண்டும். நீள லைனுக்கு நீளக் காத்திருப்பு, குட்டி லைனுக்குக் குட்டிக் காத்திருப்பு. எண்ணிக்கொண்டு வீசுவதைவிடத் திரும்பிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

தலைகீழான தப்பும் உண்டு: அதிகம் காத்திருந்தால் லைன் நீண்டு முடிந்து கீழே இறங்க ஆரம்பித்துவிடும், அடுத்த வீச்சின் முதல் பாதி அந்தத் தொய்வை எடுப்பதற்கே செலவாகும். லைன் கடைசிச் சுருளை விரிக்கும் தருணத்தில் முன்வீச்சு தொடங்கவேண்டும்.

லைன் நேராகிறது, லீடர் மட்டும் குவிகிறது

வீச்சைக் குறை சொல்வதற்கு முன் லீடரைப் பாருங்கள். லைனின் வேகம் லீடர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஃப்ளையைப் போய்ச் சேரவேண்டும். லீடரின் தடித்த முனை லைனின் நுனியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தடிமனாவது இருக்கட்டும். அங்கே திடீரென்று மெலிந்துவிட்டால் இரண்டும் சேரும் இடம் கதவுக்கீல் மாதிரி மடியும்.

டிப்பெட்டின் தடிமன் அடுத்தது. எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெலிகிறது: 3எக்ஸ் 0.20 மில்லிமீட்டர், 4எக்ஸ் 0.18, 5எக்ஸ் 0.15, 6எக்ஸ் 0.13. ஃப்ளையின் முள் எண்ணை மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்டப் பொருத்தமான எக்ஸ் எண் கிடைக்கும். 12 ஆம் எண் முள்ளுக்கு 4எக்ஸ், 18க்கு 6எக்ஸ். பெரிய, புசுபுசுவென்று இறகு கட்டிய ஃப்ளையை 6எக்ஸில் கட்டினால் அது திரும்பாது, அதோடு பறக்கும்போது சுழன்று டிப்பெட்டை முறுக்கி வைத்துவிடும். லீடர் முறுக்கிக்கொண்டு வருகிறது என்றாலும் வைத்தியம் இதேதான், டிப்பெட்டைத் தடியாக்குங்கள் அல்லது குட்டையாக்குங்கள்.

எதிர்க்காற்றில் லீடரை ஒரு முழம் குறைத்து, பின்வீச்சை உயர்த்தி, முன்வீச்சைத் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக விடுங்கள். பின்காற்றில் எல்லாம் தலைகீழ்: பின்வீச்சு தாழ்வாக, விறைப்பாக, முன்வீச்சு உயரமாக. காற்றுக்குள் நுழைய வேண்டிய பக்கத்துக்குத்தான் உங்கள் நல்ல வீச்சு போகவேண்டும்.

ஃப்ளை ராடில் அடிக்கிறது, முதுகில் படுகிறது

இதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது, கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசாதீர்கள், முள்முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் குட்டிக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள், சதையில் ஏறினாலும் எடுப்பது சுலபம், மீனுக்கும் நல்லது.

வீசும் கையின் பக்கமிருந்து காற்றடித்தால் லைனை அது உங்கள் மேல் தள்ளும். ராடை மற்ற தோளுக்கு மேலாகச் சாய்த்து வீசுங்கள், லைன் காற்றடிக்காத பக்கமாகப் போகும். அல்லது திரும்பி நின்று பின்வீச்சையே ஆற்றுப்பக்கம் விடுங்கள், பழகினால் இது மிக நம்பகமானது.

கனமான நிம்ஃப் (தண்ணீருக்குள் மூழ்கிப் போகும் ஃப்ளை), மணி கட்டிய ஃப்ளை என்றால் கதை வேறு. டங்ஸ்டன் மணி ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அது ராடில் ஒருமுறை பட்டால் கார்பனில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பிறகு ஒருநாள் மீன் இழுக்கும்போது சரியாக அங்கே ஒடியும். கனத்தை வைத்துக்கொண்டு குறுகலான லூப் வேண்டாம். பின்னால் பக்கவாட்டில் தாழ்வாகக் கொண்டுபோய், நிறுத்தாமல் சுற்றி, மேலாக முன்னால் கொண்டுவாருங்கள், முழுநேரமும் லைன் இழுபட்டுக்கொண்டே இருக்கட்டும். இந்த ஒரு இடத்தில் அகல லூப்தான் நல்லது. இப்படியே நெடுநேரம் வீசினால் லைன் முறுக்கேறும், அப்போது ஃப்ளையை வெட்டி எடுத்துவிட்டு லைன் முழுவதையும் நீரோட்டத்தில் கீழ்நோக்கி விட்டுவிடுங்கள், தானே அவிழ்ந்துகொள்ளும்.

தண்ணீரிலிருந்து எடுக்கும்போது சளாரென்று சத்தம்

தொய்வோடு எடுக்கிறீர்கள். ராடின் நுனியைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, இடது கையால் தொய்வை உள்ளே வாங்கி, லைன் நகர ஆரம்பித்த பிறகு மெதுவாக உயர்த்துங்கள். லைன் முழுதும் தண்ணீரை விட்டு, லீடர் மட்டும் ஒட்டியிருக்கும்போதுதான் பின்வீச்சின் வேகம் வரவேண்டும். இறங்கும்போது சத்தமிட்டால் தண்ணீரையே குறிவைக்கிறீர்கள் என்று அர்த்தம். மீனுக்கு ஒரு மீட்டர் மேலே காற்றில் ஓர் இடத்தைக் குறிவையுங்கள், ஃப்ளை அங்கே நீண்டு முடித்து மெல்ல இறங்கும்.

ரோல் காஸ்ட் பாதியில் செத்துவிடுகிறது

லைன் தண்ணீரில் ஒட்டியிருக்கும் பிடிப்பில்தான் ரோல் காஸ்டின் உயிர் இருக்கிறது. புல்தரையில் செய்து பார்த்து வரவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள், அங்கே பிடிப்பே கிடையாது. ஆற்றில் செய்யுங்கள்: ராடை மெதுவாக உயர்த்திப் பின்னால் கொண்டுவாருங்கள், லைன் தோளுக்குப் பின்னால் தொங்கி, பக்கத்திலிருந்து பார்த்தால் D என்ற ஆங்கில எழுத்தின் வயிறு மாதிரி நிற்கும்வரை காத்திருங்கள், அப்புறம் சாதாரண முன்வீச்சு, அதே உயரமான நிறுத்தம். பலர் இங்கே கோடரியால் விறகு வெட்டுகிறார்கள், ராடைத் தண்ணீர்வரை அடிக்கிறார்கள், லைன் முன்னால் குவிந்துவிடுகிறது. இன்னொன்று, தண்ணீரில் கிடக்கும் லைனும் வீசப்போகும் திசையும் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. லைன் உங்கள் வலப்பக்கம் கிடந்தால் அதற்கு இடப்பக்கமாக வீசுங்கள்.

வீச்சு அழகாக இருக்கிறது, மீன் மட்டும் தொடவில்லை

ஆற்று மீன்பிடிப்பில் நான் மிக முக்கியம் என்று நினைப்பது இதுதான், இதற்குக் கொடுக்கும் கவனத்தில் கால்பங்கைக்கூட ஆட்கள் தூரத்துக்குக் கொடுக்கவேண்டியதில்லை. உங்கள் ஃப்ளை இழுபட்டுக்கொண்டு போகிறது. நிஜப் பூச்சி நீரோட்டத்தோடு மிதக்கும், உங்களுடையது லைனில் கட்டிய பூச்சி. ஃப்ளைக்குப் பின்னால் தண்ணீரில் மெல்லிய கோடு தெரிந்தால் அது பெரிய இழுவை, யாருக்கும் தெரியும். தெரியாத இழுவைதான் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க, ஃப்ளைக்குப் பக்கத்திலேயே மிதக்கும் ஒரு நீர்க்குமிழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகவே போகவேண்டும். ஓரடி போவதற்குள் குமிழி முந்தினாலோ பிந்தினாலோ, அந்த மீனுக்கு உங்கள் ஃப்ளை பொய் என்று தெரிந்துவிட்டது.

ஏன் இழுபடுகிறது? உங்களுக்கும் ஃப்ளைக்கும் நடுவே இருக்கும் நீரோட்டம் ஒரே வேகத்தில் இல்லை. நடுவில் வேகமான ஓட்டம் இருந்தால் அது லைனை வயிறாகக் கீழே தள்ளும், அந்த வயிறு ஃப்ளையை இழுக்கும். லைனை ஓட்டத்துக்கு எதிராக மேல்பக்கம் தூக்கிப்போட்டு மெண்ட் செய்யவேண்டும். நடுவில் மெதுவான தண்ணீர், ஃப்ளை இருக்கும் இடம் வேகம் என்றால் கீழ்ப்பக்கம் மெண்ட். எப்போதும் மேல்பக்கமே போடவேண்டும் என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவது நிலையில் தாங்களே இழுவையை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

மெண்ட் செய்யும்போது ஃப்ளை துள்ளுகிறதா? ஒன்று, தாமதமாகச் செய்கிறீர்கள், லைன் ஏற்கெனவே இறுகிவிட்டது. இழுவை தொடங்கும் முன், ஃப்ளை விழுந்த உடனே செய்யுங்கள். இரண்டு, லைனைத் தண்ணீர்மேல் இழுக்கிறீர்கள். நுனியை உயர்த்தி லைனை மேலே எடுத்து, அரைவட்டமாகத் தூக்கி வையுங்கள். கொஞ்சம் லைனையும் வெளியே விட்டுக்கொடுங்கள்.

தண்ணீரில் விழுந்தபின் திருத்துவதைவிட விழுவதற்கு முன்பே திருத்துவது சிறந்தது. முன்வீச்சை நிறுத்தியபின், லைன் இன்னும் காற்றில் இருக்கும்போதே, ராடை ஓட்டத்தின் மேல்பக்கம் கைநீளத்துக்கு நீட்டிச் சாய்த்து, விரல் வழியாக லைனை நழுவவிடுங்கள். ஃப்ளை குறிவைத்த இடத்திலேயே விழும், லைன் மட்டும் மேல்பக்கமாக விழும். ரீச் காஸ்ட் என்று பெயர். ஒரு மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம், இதற்கு ஈடாக ஆற்றில் பயன்படும் இன்னொரு வீச்சை எனக்குத் தெரியாது. டிப்பெட்டை அரை மீட்டர் கூட்டுவதும் உதவும், அது சுருண்டு விழுந்து விரியும்வரை ஃப்ளைக்குச் சுதந்திரம்.

அதைவிட எளிய வழி, இரண்டடி நகர்ந்து நில்லுங்கள். கிட்டே போனால் நடுவே இருக்கும் ஓட்டங்கள் குறையும், ராடை உயர்த்தி லைனைத் தண்ணீரிலிருந்தே தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஆற்றில் இறங்கினால் ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கால் ஊன்றிய பிறகே அடுத்த காலை எடுங்கள், முழங்காலுக்கு மேல் பலமாக இழுக்கும் இடத்தில் இறங்காதீர்கள், எந்த மீனும் அதற்குப் பெறாது.

நிம்ஃப் போடுபவர்களுக்கு: மிதவையை ஃப்ளையிலிருந்து நீர் ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரத்தில் வைத்துத் தொடங்குங்கள். மேல்தண்ணீரைவிட அடித்தண்ணீர் மெதுவாக ஓடும், அதனால் மிதவை பக்கத்துக் குமிழியைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போனால் ஃப்ளை அடியை எட்டிவிட்டது. குமிழியோடு சேர்ந்தோ அதைவிட வேகமாகவோ ஓடினால் எட்டவில்லை, எடையைக் கூட்டுங்கள்.

கடிக்கிறது, மாட்டவில்லை, அல்லது மாட்டி அறுந்துவிடுகிறது

மாட்டவில்லை என்றால் முதலில் முள். பின்வீச்சில் கல்லில் ஒருமுறை பட்டால் போதும், முனை மழுங்கிவிடும். கட்டைவிரல் நகத்தின்மேல் முனையை வைத்து லேசாக இழுங்கள்: கீறி நின்றால் கூர்மை, வழுக்கினால் மழுங்கல். அடுத்தது தொய்வு. ஃப்ளை உங்களை நோக்கி மிதந்து வரும்போது இடது கை வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் ராடைத் தூக்கும் அசைவு தொய்வை எடுப்பதிலேயே முடிந்துவிடும். ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் ஃப்ளையை அலையவிட்டுப் பிடிக்கும்போது தலைகீழ், மீன் எடுத்ததும் வெடுக்கென்று தூக்கினால் வாயிலிருந்தே பிடுங்கிவிடுவீர்கள், அது திரும்பி எடை கொடுக்கும்வரை பொறுங்கள்.

அறுந்துவிட்டால் முனையைப் பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. ஈரப்படுத்தாமல் இறுக்கியிருப்பீர்கள் அல்லது சுற்றுகள் போதாது. எச்சிலோ தண்ணீரோ தொட்டு, மெதுவாக, நிதானமாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பு இறுகும்போது சூடாகித் தன்னையே பலவீனமாக்கிக்கொள்ளும். ஃப்ளைக்கு ஓரடி மேலே நடுவில் அறுந்திருந்தால் அங்கே ஒரு காற்றுமுடிச்சு இருந்தது. சொரசொரப்பாக அறுந்திருந்தால் கல்லில் உரசியது. டிப்பெட்டை அடிக்கடி இரண்டு விரலுக்கு நடுவே உருவிப் பாருங்கள், சொரசொரப்பு பட்டால் வெட்டுங்கள். நைலான் வெயிலில் வலுவிழக்கும், பழைய சுருளைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். வெட்டிய துண்டுகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கரையில் விட்டால் பறவைக் காலில்தான் போய்ச் சுற்றும்.

மிதக்கவேண்டியது மூழ்குகிறது

ஃப்ளை மூழ்கினால்: மிதவைப் பசையை முதல் வீச்சுக்கு முன்பே, காய்ந்திருக்கும்போது, விரலில் உருக்கி மெல்லிசாகத் தடவுங்கள். நனைந்த ஃப்ளைமேல் தடவினால் உள்ளே தண்ணீரைப் பூட்டிவைத்தது போலாகும். நனைந்துவிட்டால் துணியில் ஒற்றி, சிலிக்காப் பொடியில் போட்டுக் குலுக்கி எடுங்கள். வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள இறகில் கட்டிய சிடிசி ஃப்ளைகளுக்குச் சாதாரணப் பசை ஆகாது, அந்த இழைகள் ஒட்டிக்கொண்டு மிதக்கும் குணமே போய்விடும், அவற்றுக்குப் பொடிதான். டிப்பெட் ஃப்ளூரோகார்பனா என்றும் பாருங்கள், அது தண்ணீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தி, மிதக்கும் சின்ன ஃப்ளைக்கு நைலான் போதும்.

லைனின் நுனி மூழ்கினால் அநேகமாக அழுக்கு, அல்லது லீடர் சேரும் இடத்தில் மேல்பூச்சு வெடித்துத் தண்ணீர் உள்ளே போகிறது. வெடிப்பு என்றால் அந்தச் சில சென்டிமீட்டரை வெட்டிவிட்டு லீடரை மறுபடி கட்டுங்கள். அழுக்கு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு, மெல்லிய துணியால் உருவித் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். வீச்சில் லைன் வழுக்கிப் போகாததற்கும் இதே வைத்தியம். கொசுவிரட்டியும் சன்ஸ்க்ரீனும் தடவிய கையோடு லைனைத் தொடாதீர்கள், அந்தப் பூச்சை அவை அரித்துவிடும். லைன் சுருள்சுருளாக நின்றால் ஒரு மீட்டர் ஒரு மீட்டராக இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பத்து நொடி பிடியுங்கள். அது ரீலின் வடிவத்தை மறந்துவிடும்.

ரீலில் சிக்கல்

லைனை உருவும்போது ரீலின் உருளை கட்டுமீறிச் சுற்றிச் சிக்கினால் பிரேக் மிகத் தளர்வு. வேகமாக இழுத்து விட்டாலும் உருளை உடனே நிற்கும் அளவுக்கு முறுக்குங்கள். மீன் ஓடும்போது லைன் அடியில் புதைந்து நின்றால் தளர்வாகச் சுற்றியிருக்கிறீர்கள். விரலுக்கு நடுவே அழுத்தம் கொடுத்துச் சுற்றவேண்டும்.

ராட் இணைப்பு ஆடுகிறது, அல்லது கழலவே மாட்டேன் என்கிறது

வீசும்போது டக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், தளர்ந்த இணைப்போடு வீசினால் அங்கேதான் ஒடியும். இணைக்கும்போது வளையங்களைக் கால்வட்டம் தள்ளிவைத்து உள்ளே தள்ளிக்கொண்டே திருகி நேராக்குங்கள், இடையிடையே எல்லா இணைப்பையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மணல் ஒட்டியிருந்தால் துடைக்காமல் இணைக்கவே வேண்டாம்.

கழலவில்லை என்றால் குறடு எடுக்காதீர்கள், வளையத்தைப் பிடித்துத் திருகவும் வேண்டாம். ராடை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்கே வைத்துக் குந்தி, இணைப்பின் இருபக்கமும் கைகளால் இறுகப் பிடித்து, கைகளை மடக்காமல் முழங்கால்களை மெதுவாக அகட்டுங்கள். கால்களின் பலத்தில் இரண்டு துண்டும் நேராக விலகும். இருவர் இருந்தால், ஒவ்வொருவரும் இணைப்பின் இருபக்கத்திலும் ஒவ்வொரு கை வைத்து, ஒரே நேரத்தில் நேராக இழுங்கள்.